வில்லனைத் தப்ப விட்டா பிளேயர்மாருக்குக் கோவம் வருது. எப்பிடிச் சரிசெய்யிறது?

கல்லடிப் பாலம்:
வணக்கம். மட்டக்களப்பில நாங்க ஆறு பேர் சனிக்கிழமை பின்னேரங்களில டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் எண்ட, டைஸ் உருட்டிக் கதை நடத்துற மேசை விளையாட்டு விளையாடுறம். 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் டிஎம், கதையையும் வில்லனையும் நடத்துற ஆள். கதை நடக்கிறது வாவி நடுவில ஒரு கோட்டை நகரம். புளியந்தீவுக் கோட்டையைப் பார்த்துத்தான் வரைபடம் கீறினன். வில்லன் ஒரு உப்பு முதலாளி, மந்திரமும் தெரிஞ்ச ஆள். கடைசி மட்டும் அவர் வேணும் எண்டு மூண்டு தரம் தப்ப விட்டன்.

முதல் தரம் ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. ரெண்டாம் தரம் முகம் கறுத்திட்டு. போன கிழமை கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) விளையாடுற தங்கச்சி ஹோல்ட் பெர்சன் எண்ட, ஆளை அசையாம நிப்பாட்டுற ஸ்பெல் (மந்திரம்) போட்டா. வில்லனுக்கு நான் டைஸ் உருட்டினன், தோல்வி. ஆள் மரம் மாதிரி நிக்கிறார், மிச்சம் 9 ஹெச்பிதான் (உயிர்ப் புள்ளி). நான் பதறிப்போய், "புகை எழும்புது, ஆளைக் காணல்ல" எண்டு சொல்லிட்டன். அவ ஒண்டும் பேசாம தன்ட பாத்திரத்தின்ட ஷீட்டை மடிச்சு வைச்சிட்டா. மறுகா குரூப்பில ஒரு மெசேஜும் இல்ல. இந்தக் குழு உடையிறதை என்னால தாங்க ஏலாது. என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
அவர் எந்த ஸ்பெல்லில போனார்?

கல்லடிப் பாலம்:
மிஸ்டி ஸ்டெப் எண்டு மனசில வைச்சிருந்தன், சட்டெண்டு வேற இடத்துக்குத் தாவுற ஸ்பெல்.

வாவிக்கரை:
அது ஏலாதே. ஹோல்ட் பெர்சனில மாட்டின ஆளுக்கு அசையவும் ஏலாது, பேசவும் ஏலாது. மிஸ்டி ஸ்டெப்புக்கு வாயால சொல்லணும். அதோட 30 அடிதான், கண்ணுக்குத் தெரியிற இடத்துக்குத்தான் போகலாம். அந்தத் தங்கச்சி பக்கம் நியாயம் இருக்கு. அவ ஒரு ஸ்லொட் (ஸ்பெல் போடுறதுக்கு இருக்கிற அளவான வாய்ப்பு) செலவழிச்சு வென்றதை நீங்க பறிச்சிட்டீங்க.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, வில்லன் தப்புறதில பிழை இல்ல. தப்புற வழியைப் பிளேயர்மார் காணணும், மறிக்கவும் அவங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கணும். டிமென்ஷன் டோரை எடுங்க. 4ஆம் நிலை ஸ்பெல், 500 அடி போகும், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் போகலாம். ஆனா அதுக்கு அவர் தன்ட டர்னில ஒரு அக்ஷன் செலவழிக்கணும். 60 அடிக்குள்ள நிக்கிற விசார்ட் (மந்திரவாதிப் பாத்திரம்) அதை முறிக்கிற கவுன்டர்ஸ்பெல் போடலாம். 3ஆம் நிலை ஸ்லொட்டில போட்டா 14 எடுக்கணும். அந்த டைஸ் பிளேயர்ட கையில. விழுந்தா பிடிச்சாச்சு, விழாட்டி தப்பிட்டான். ஆரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க, ஏனெண்டா டைஸை எல்லாரும் பார்த்தாங்க.

இன்னொண்டு, ஆளை எப்ப ஓட விடுறீங்க? 9 ஹெச்பியில ஓடினா அது களவு மாதிரித்தான் தெரியும். பாதி ஹெச்பியில, அடியாட்கள் நிக்கேக்குள்ளயே தோணிப் பக்கம் நகர விடுங்க. துரத்தினா துரத்தட்டும். துரத்தல் விதியில ஆளுக்கு 3 தரமும் கொன்ஸ்டிடியூஷன் (உடல் தாங்குற பலம்) மொடிஃபையரும் கூட்டின அளவுக்கு டாஷ் (வேக ஓட்டம்) சும்மா ஓடலாம், அதுக்குப் பிறகு ஒவ்வொரு டாஷுக்கும் 10க்கு உருட்டணும், தவறினா களைப்பு ஏறும். எங்கட மேசையில அப்பிடி ஒரு துரத்தல் முழுப் பின்னேரத்தையும் எடுத்தது. ஆள் கடைசியில தப்பிட்டான், ஆனா பொடியனுகள் இண்டைக்கும் அதைத்தான் கதைக்கிறானுகள்.

ஓடேக்குள்ள எதையாவது விட்டிட்டு ஓடணும். கணக்குக் கொப்பி, மோதிரம், தம்பிக்காரன். வெறுங்கையோட ஆரையும் வீட்ட அனுப்பாதீங்க.

களுவாஞ்சிகுடி:
நான் கூத்துப் பார்த்து வளர்ந்த ஆள், அதால இது. கூத்தில அரசன் எல்லாச் சண்டைக்கும் வந்து நிக்கிறதில்ல. தூதன் வாறான், மந்திரி வாறான். உப்பு முதலாளியை ஏன் ஒவ்வொரு செஷனிலயும் அடிக்கிற தூரத்தில நிப்பாட்டுறீங்க? கடிதம் வரட்டும், கணக்கப்பிள்ளை வரட்டும். பேர் மட்டும் வந்தாலே பயம் வளரும்.

தாயக்கட்டை:
மியூட்டன்ட்ஸ் அன்ட் மாஸ்டர்மைன்ட்ஸ் எண்ட இன்னொரு விளையாட்டில டிஎம் தன்ட அதிகாரத்தில வில்லனைத் தப்ப விட்டா பிளேயர்மாருக்கு ஹீரோ பொயின்ட் குடுக்கணும். உங்கட மேசையில அதுக்குப் பதிலா இன்ஸ்பிரேஷன் (பிறகு ஒரு உருட்டலுக்கு உதவுற பரிசு) குடுக்கலாம். ஃபேட் எண்ட விளையாட்டில டைஸ் உருட்ட முந்தியே "விட்டுக் குடுக்கிறன்" எண்டு சொல்லி, எப்பிடி வெளியேறுறது எண்டு பேசித் தீர்க்கலாம். ஆனா இதெல்லாம் முதலே மேசையில சொல்லி ஒத்துக்கொண்டாத்தான்.

அக்கரைப்பற்று நானா:
ஓம், அது சரி. தம்பி, முதல் அந்தத் தங்கச்சிக்குக் கோல் எடுங்க. கதையைப் பிறகு பார்க்கலாம்.

கல்லடிப் பாலம்:
எடுத்தன் நானா. நான் செய்தது பிழை எண்டு சொன்னன். சனிக்கிழமை எல்லாருக்கு முன்னாலயும் அந்த இடத்துக்கே திரும்பிப் போனம். புகை இல்ல, ஆள் அசையாம நிக்கிறார். ஃபைட்டர் (சண்டைக்காரன்) விளையாடுறவர் அடிச்சார், 9 ஹெச்பியும் போச்சு. கைகலப்பு அடியில 0 ஆனா கொல்லாம மயக்கலாம் எண்ட விதியை அவரே எடுத்துக் காட்டினார். கட்டித் தூக்கிக் கோட்டைச் சிறையில போட்டுட்டாங்க. மூண்டு மாசக் கதை முடிஞ்சு போச்சே எண்டு எனக்கு வயித்தைக் கலக்கினது. ஆனா மேசையில அப்பிடி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்ல.

போகேக்குள்ள கிளெரிக் தங்கச்சி வாசல்ல நிண்டு கேட்டா, கோட்டைக் காவலருக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது எண்டு. இந்தக் கிழமை அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறன்.