முதிரை மரத்தில் மோல்டிங் (ஓர வேலைப்பாடு): பழைய மெசினின் ஷேப்பர் இணைப்பு போதுமா, தனி ஷேப்பர் வாங்கவா?

உப்புவெளிப் பட்டறை:
வணக்கம். கனடாவில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய மரவேலை மெசினை கொள்கலனில் அனுப்பிவிட்டார். ஒரே மோட்டரில் வட்ட வாள், கடைசல், துளை, சாண்டர் எல்லாம் ஓடும். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபோமர் போட்டு ஓட்டுகிறேன். கூடவே ஷேப்பர் இணைப்பும் (சுழலும் வெட்டியால், அதாவது கட்டரால், பலகை ஓரத்தில் வடிவம் எடுப்பது) வந்தது.

இப்போது 14 முதிரைக் கதவுகளுக்குப் பெனல் ஓரம் எடுக்கிறேன். கோடு கோடாகக் கருகுகிறது. நார் திரும்புகிற இடத்தில் சில்லுச் சில்லாகப் பிய்கிறது. வெட்டி புதியது. அரை மணி ஓடினால் மோட்டரில் கை வைக்க முடியவில்லை. கொழும்பில் பாவித்த தனி ஷேப்பர் ஒன்று விலைக்கு வருகிறது: 30 மி.மீ. ஸ்பின்டில் (வெட்டி ஏறுகிற தண்டு), மூன்று பேஸ் மோட்டர். என் வீட்டில் ஒற்றை பேஸ்தான். என்ன செய்யலாம்?

கிண்ணியா ஓடாவி:
தம்பி, இப்படி ஒன்றோடு நானும் ஆறு வருஷம் மல்லுக்கட்டினேன். கருகலை விடுங்கள், எனக்குப் போதும் போதும் என்றாக்கியது மாற்றிப் பூட்டுகிற வேலை. வாளைக் கழற்றி, ஷேப்பர் பூட்டி, பலகையை அணைத்துத் தள்ளுகிற கட்டையைச் சரிபார்க்க 20 நிமிடம். எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு பெனல் குறையும். திரும்ப வாள். திரும்ப ஷேப்பர். இரண்டாம் தடவை வைக்கிற உயரம் முதல் தடவையோடு ஒருநாளும் ஒட்டாது. கால் மில்லிமீற்றர்தான், ஆனால் மூலையில் விரல் வைத்தால் தெரியும்.

மோட்டர் வைண்டிங் வேலை:
சூட்டுக்குக் காரணம் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைத்தான் இறக்கும். மின்சாரம் திசை மாறுகிற வேகம் கனடாவில் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50, அது அப்படியேதான் இருக்கும். மோட்டர் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், அதைக் குளிர்விக்கிற விசிறியும் அப்படித்தான். அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் வைண்டிங் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். 95 வோல்ட் அளவுக்கு இறக்கினால் சூடு குறையும், ஆனால் போன வேகம் திரும்பாது. மெசின் தட்டில் அதிகபட்ச வேகம் எவ்வளவு போட்டிருக்கிறது?

உப்புவெளிப் பட்டறை:
நிமிடத்துக்கு 5200 சுற்று அண்ணை. வெட்டி 50 மி.மீ.

மோட்டர் வைண்டிங் வேலை:
அப்போ உங்களுக்குக் கிடைப்பது 4300 சொச்சம். வெட்டி முனை செக்கனுக்கு 11 மீற்றர்தான் போகிறது. தனி ஷேப்பரில் 125 மி.மீ. தலை 6000 சுற்றில் ஓடினால் 39 மீற்றர். முதிரை மாதிரி இறுகிய, நார் பின்னிய மரத்துக்கு அந்த வித்தியாசம் பெரிது.

மூன்று பேஸ் பிரச்சினை இல்லை. மோட்டர் தட்டில் 230/400 வோல்ட் என்று இருந்தால் டெல்டாவில் (230 வோல்ட்டுக்கான இணைப்பில்) கட்டி, ஒற்றை பேஸ் வி.எஃப்.டி. (ஒற்றை பேஸை வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கிற பெட்டி) ஒன்றில் ஓட்டலாம். 400 மட்டும் என்றால் யோசியுங்கள். கனடா மோட்டருக்கு வி.எஃப்.டி. போட நினைக்காதீர்கள், கெப்பாசிட்டரில் கிளம்புகிற வகைக்கு அது சரிவராது.

கிண்ணியா ஓடாவி:
பார்க்கப் போகும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பின்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. மேலே பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் துளிகூட ஆடக்கூடாது. உங்கள் பழைய வெட்டிகளின் துளை 30 மி.மீ. இல்லையென்றால் அவை இதில் ஏறாது, அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். கத்தி தனியாகப் பூட்டுகிற தலை கொடுத்தால், லிமிட்டர் (கத்தி ஆழமாகக் கடிக்காமல் தடுக்கிற துண்டு) இல்லாததை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

அதுவரை இருக்கிறதை வைத்து ஒப்பேற்றலாம். ஒரே தடவையில் எடுக்காமல் மூன்று தடவையாக எடுங்கள். முதலில் குறுக்கு முனை, பிறகு நீளப்பக்கம், அப்போதுதான் முனையில் பிய்ந்தது நீளவெட்டில் போய்விடும். நடுவில் நிறுத்தி நின்றால் அந்த இடத்தில் கருகும். பலகையை வெட்டி சுற்றுகிற திசைக்கு எதிராகவே தள்ளுங்கள், அதே திசையில் கொடுத்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

உப்புவெளிப் பட்டறை:
நானா சொன்னபடி மூன்று தடவையாக எடுத்துப் பார்த்தேன். பிய்வது பாதியாகக் குறைந்தது, கருகல் இரண்டு பெனலில் மட்டும். மோட்டர் சூடு அப்படியே. கொழும்பு ஆள் மோட்டர் தட்டைப் படம் எடுத்து அனுப்பினார், 230/400 தான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன். பழையதை வாளுக்கும் துளைக்கும் மட்டும் வைத்துக்கொள்வேன், விற்றால் மாமா கோபிப்பார்.