மறுமொழி: ‘வலுக்குறைந்த யுரேனியம்’ என்ற சொல் குறித்து

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களே,

வணக்கம். ஆங்கிலத்தில் depleted uranium எனப்படுவதற்கு, செய்திகளில் தென்படும் ‘வலுக்குறைந்த யுரேனியம்’ என்பதையே நம் கலைச்சொல் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். புழக்கத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் இந்த ஒரு சொல்லை ஏற்க மனம் ஒப்பவில்லை. சென்ற சனிக்கிழமை அங் மோ கியோ நூலகத்தில், என்னிடம் துணைப்பாடம் படிக்கும் உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி, 1991 வளைகுடாப் போரில் குண்டுகளில் இந்த யுரேனியம் ஏறத்தாழ 300 டன் பயன்பட்டது என்ற வரியில் விரலை வைத்து, “வலுக்குறைந்தது என்றால் ஆபத்து இல்லைதானே, டீச்சர்?” என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் படித்தாள்; பிழை சொல்லில் இருக்கிறது.

இயற்கை யுரேனியத்தில், எளிதில் பிளவுறும் யுரேனியம் 235 ஏறத்தாழ 0.7 விழுக்காடு. அணு உலைக்காக அந்தப் பங்கைக் கூட்டிச் செறிவூட்டும்போது ஒதுங்கும் மிச்சமே நாம் பேசும் யுரேனியம்; அதில் அப்பங்கு 0.2 அல்லது 0.3 விழுக்காடாகக் குறைகிறது. கதிரியக்கமோ இயற்கை யுரேனியத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடு எஞ்சி நிற்கிறது; கன உலோகத்துக்குரிய நச்சுத்தன்மை சிறிதும் குறைவதில்லை. ஈயத்தைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தி உள்ளதால்தான் டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மோதும்போது முனை மழுங்காமல் தானே கூராகிக்கொண்டு உள்ளே பாய்ந்து, தீப்பற்றி, ஆக்சைடு நுண்தூளாகச் சிதறுகிறது. வெளியே கிடக்கும் துண்டிலிருந்து வரும் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். மூச்சோடு போய் நுரையீரலில் தங்கும் தூளுக்கு அந்தத் தடை கிடையாது. அதில் கரையும் பகுதி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். உடைந்து கிடக்கும் டாங்கியில் ஏறி விளையாடிவிட்டு அதே கையை வாயில் வைக்கும் குழந்தையை நினைத்தால், ‘வலுக்குறைந்த’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

‘தீர்ந்த யுரேனியம்’ என்றால் உலையில் எரிந்து முடிந்த எரிபொருளோடு குழம்பும். தேங்காய்ப்பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைச் சுட்டி அம்மா ஒருவர் முன்மொழிந்த ‘சக்கை யுரேனியம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எடுத்தது போக மிஞ்சியது என்ற பொருள் அதில் துல்லியமாக விழுகிறது. ஆனால் சக்கை என்றதும் சாரமற்றது, தூக்கி எறியத்தக்கது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

மறுபுறம், ‘யுரேனியக் குண்டு’ என்பதை அணுகுண்டு என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அச்சத்தைப் பெருக்குவதும் நம் வேலையன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம், இக்குண்டுகள் விழுந்த கொசோவோவில் ஆய்ந்து 2001இல் வெளியிட்ட அறிக்கை, நிலத்தில் பரவலான மாசு இல்லை என்றே கூறியது. அதே அமைப்பு பொஸ்னியா பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில், ஓரிடத்துக் குடிநீரில் இந்த யுரேனியம் மிகக் குறைந்த அளவில் கலந்திருந்தது பதிவாகியுள்ளது. இரண்டையும் திரிக்காமல் எழுத இடம் தரும் சொல் நமக்கு வேண்டும்.

ஆகவே, எளிதில் பிளவுறும் அணுவைப் ‘பிளவணு’ என்று கொண்டு, ‘பிளவணு குன்றிய யுரேனியம்’ என்று முன்மொழிகிறேன். எது குன்றியது என்பதைச் சொல்லே காட்டிவிடும்; செறிவூட்டியதைப் ‘பிளவணு செறிந்த யுரேனியம்’ என்று இணையாக வழங்கலாம். நீளம் ஒரு குறைதான். கட்டுரையில் முதல்முறை முழுதாக எழுதியபின் ‘குன்றிய யுரேனியம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘பி.கு.’ என்று முதலெழுத்துகளால் சுருக்கினால் பின்குறிப்போடு மயங்கும்.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவிக்குத் திருத்திய தாளைக் கொடுக்க வேண்டும். வெள்ளி இரவுக்குள் உங்கள் மறுப்புகளையும் திருத்தங்களையும் எழுதினால் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து