ஒட்டாவா வின்டர்: பிள்ளைங்க ஸ்கேட்டிங், குடும்பத்தோட ஸ்கீயிங், நடுவுல நம்ம மாரத்தான் ட்ரெய்னிங்

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஊர்ல இருந்து கனடாவுக்கு, இந்த ஒட்டாவாவுக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுதாம், அங்க ரெண்டு மாரத்தான் ஓடினவர், இங்க மே மாசக் கடைசில நடக்கிற ஒட்டாவா மாரத்தானுக்கும் பேர் குடுத்துட்டாராம், ஆனா வீட்டுல ரெண்டு குட்டிங்க, கிளாஸ்ல எல்லாரும் ஸ்கேட்டிங் போறாங்க எங்களையும் கூட்டிட்டுப் போன்னு தினமும் கேக்குதுங்க, இருக்கிறது சனி ஞாயிறு ரெண்டே நாள், எதை விடறது எதைப் பிடிக்கிறதுன்னு. நானும் கோயமுத்தூருங்க. ரேஸ் கோர்ஸ்ல அந்த ரெண்டரை கிலோமீட்டர் ரவுண்டை விடியக்காலைல சுத்திச் சுத்தி ஓடிப் பழகினவ, இங்க ஏழு வின்டர் பார்த்தாச்சு. அதனால பதில் கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படிங்க.

முதல்லயே சொல்லிடறேன். இந்த முதல் வின்டர்ல குடும்பத்தோட வெளிய போற நாளைத்தான் காலண்டர்ல முதல்ல குறிக்கணும், அதைச் சுத்தி உங்க ஓட்டத்தை வைக்கணும். நான் தலைகீழாப் பண்ணினேன். சனிக்கிழமை காலைல லாங் ரன் எனக்குன்னு எடுத்துக்கிட்டேன், எங்க வீட்டுக்காரர் ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு பக்கத்துப் பார்க்ல இருக்கிற ஐஸ் ரிங்க் போவார். ஒரு நாள் 16 கிலோமீட்டர் முடிச்சுட்டு வந்து பார்த்தா போன்ல ஒரு வீடியோ, ஒன்பது செகண்ட்தான், சின்னவன் யாரையும் பிடிக்காம முதல் தடவை நாலு அடி சறுக்கிட்டு "அம்மா பாரு, அம்மா பாரு"ன்னு கத்துறான். நான் அங்க இல்ல. இன்னைக்கும் அந்த வீடியோவை முழுசாப் பாக்க முடியல எனக்கு.

அடுத்த வாரமே மாத்தினோம். சனிக்கிழமை முழுக்க பிள்ளைங்க. ஞாயிறு காலைல ஏழு மணிக்கு நான் கிளம்பி பத்துக்குள்ள வீடு, அன்னைக்கு மதியம் ரெண்டு மூணு மணி நேரம் அவருக்கு. இதை ஏன் தனியாச் சொல்றேன்னா, லாங் ரன் போற அந்த ரெண்டு மணி நேரம் வானத்துல இருந்து வரல, வீட்டுல இருக்கிறவங்க குடுக்கிறது. உங்க வீட்டம்மா ஊர்ல வேலை, அம்மா வீடு, தோழிங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நாலு சுவத்துக்குள்ள இருக்காங்க, இருட்டு வேற டிசம்பர்ல சாயங்காலம் நாலரைக்கு முன்னாடியே வந்துடும். நீங்க ஓடற மணி நேரத்துக்குச் சமமா அவங்களுக்கும் பிள்ளைங்க இல்லாத மணி நேரம் வேணும், அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க.

இனி மாரத்தான் கணக்கு. மே கடைசில ரேஸ்னா, 16 வார ட்ரெய்னிங்குக்குப் பின்னாடி எண்ணிப் போனா பிப்ரவரி முதல் வாரம். அதாவது டிசம்பர், ஜனவரி ரெண்டும் வெறும் அடித்தளம் போடற மாசம்தான், 30 கிலோமீட்டர் ஓட்டமெல்லாம் ஏப்ரல்லதான் வரும், அப்போ பனியும் போயிருக்கும் பிள்ளைங்களோட ஸ்கீ சீசனும் முடிஞ்சிருக்கும். மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாத்தினதும் சாயங்காலம் வெளிச்சம் நீண்டுடும், வார நாள்லயே ஓடிக்கலாம். அதனால மோதல் நீங்க நினைக்கிற அளவு இல்ல, எட்டுப் பத்து வாரம்தான் நெருக்கும்.

அந்த எட்டுப் பத்து வாரத்துக்கு கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் மாதிரி ஒரு வரம் கிடையாது. மலை மேல இருந்து சர்ருன்னு இறங்கற ஸ்கீ வேற, அது செலவு ஜாஸ்தி. இது சமதளத்துலயும் சின்ன ஏத்த இறக்கத்துலயும் நடந்து சறுக்கிப் போறது, கால் கை முதுகு எல்லாம் வேலை செய்யும், முட்டியில அடி விழாது. ஒட்டாவா நதிக்கு அந்தப் பக்கம் கேட்டினோ பார்க்ல கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் பாதை போட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு பாஸ் வாங்கணும். இந்தப் பக்கம் ஆத்தங்கரையோரமா கிச்சி ஸீபி வின்டர் ட்ரெயில், அது இலவசம், புதுசா வர்றவங்க அங்கயே ஆரம்பிக்கலாம். முதல்ல ரெண்டு ஸ்கீயையும் நேரா இணையா வெச்சுப் போற கிளாசிக் ஸ்டைல் கத்துக்கங்க, மெழுகு தேய்க்கத் தேவையில்லாத ஸ்கீ கேட்டு வாடகைக்கு எடுங்க. பிள்ளைங்களுக்கு ஜாக்ராபிட்னு ஒரு ப்ரோக்ராம், நிறைய கிளப்ல நடக்குது. அந்தப் பேர் ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன்கிறவரோட பட்டப்பேர், 1875ல நார்வேல பிறந்து இந்த நாட்டுக்குக் குடியேறி வந்து ஊர் ஊரா ஸ்கீ பாதை வெட்டினவர், 1987ல 111 வயசுல இறந்தார். வெளியூர்ல இருந்து வந்த ஒருத்தர் பேருலதான் இங்க பிள்ளைங்க எல்லாம் ஸ்கீ கத்துக்குதுங்கன்னு நினைச்சா எனக்கு ஒரு தெம்பு வரும்.

பிள்ளைங்களோட மெதுவாப் போனா ட்ரெய்னிங் ஆகுமான்னு தம்பி கேட்டிருந்தார். ஆகும். ஸ்டீஃபன் சைலர்னு நார்வேல இருக்கிற ஆராய்ச்சியாளர், பெரிய பெரிய ஸ்கீ வீரர்கள், ஓட்டக்காரங்க ட்ரெய்னிங்கை எல்லாம் அலசிப் பார்த்து, சுமார் 80 சதவீதம் பேச்சுக் குடுத்துக்கிட்டே பண்ற அளவு லேசான வேகத்துலதான் இருக்குன்னு சொன்னார். நம்ம ஆளுங்கதான் ஒவ்வொரு நாளும் மூச்சு முட்ட ஓடுவோம். ஆனா ஒண்ணு, பிள்ளைங்களோட போற நாள்ல வாட்சைப் பாக்காதீங்க. அஞ்சு வயசுப் பிள்ளை இருபது தடவை விழும், கையுறை கழண்டு போகும், ஒண்ணுக்கு வரும்பாங்க, ஸ்னோ பேன்ட்டைக் கழட்டி மாட்ட பத்து நிமிஷம். அந்த நேரத்துல இதயத் துடிப்பு எவ்வளவுன்னு பார்த்துக்கிட்டிருந்தா பிள்ளைக்கும் தெரியும், நாம அங்க இல்லைன்னு. ரெண்டு மணி நேரம் போனா அதுல ஒரு மணி நேரம்னு மனசுல எழுதிக்கங்க, போதும்.

ரெண்டாவது வருஷம் நான் பண்ண தப்பு இதுக்கு நேர் எதிர். ஸ்கீயே போதும்னு ஜனவரி பிப்ரவரி முழுக்க ஓடவே இல்ல, மூச்சு அவ்வளவு அருமையா இருந்துச்சு, மார்ச்ல ஒரே வாரத்துல 40 கிலோமீட்டர் ஓடினேன். மூணாவது வாரம் முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல விரலை வெச்சாலே உசுரு போற வலி. இதயமும் நுரையீரலும் தயாரா இருந்துச்சு, ஆனா தரையில அடி வாங்கற பழக்கம் எலும்புக்கும் தசைநாருக்கும் விட்டுப் போயிருந்துச்சு. அந்த வருஷம் ரேஸ் ஓடவே இல்ல. அதனால எவ்வளவு ஸ்கீ பண்ணாலும் வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரமாவது ஓடிடுங்க. செவ்வாய் காலைல ஒண்ணு, வியாழன் லஞ்ச் நேரத்துல வெயில்ல ஒண்ணு, ஞாயிறு நீளமா ஒண்ணு. பனி மேல வேகம் வராது, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம்கிற கணக்கை ஏப்ரல் வரைக்கும் மறந்துட்டு, இத்தனை நிமிஷம் ஓடினேன்னு மட்டும் பாருங்க. ஷூ மேல மாட்டற ஸ்பைக் ஒண்ணு வாங்கிடுங்க. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா அவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு, வழுக்கி விழுந்தா அவங்க வயசுல தாங்காது.

ஸ்கேட்டிங் விஷயத்துக்கு வர்றேன். ரிடோ கேனல்ல 7.8 கிலோமீட்டர் உறைஞ்ச தண்ணி மேல சறுக்கிட்டே போகலாம், காசு கிடையாது, 1971 ஜனவரில இருந்து நடக்குது. ஆனா அதை நம்பி மட்டும் வின்டரைத் திட்டம் போடாதீங்க. ஐஸ் 30 சென்டிமீட்டர் கனம் வரணும், 2022-23 வின்டர்ல ஒரு நாள்கூடத் திறக்கல, எங்க பெரியவ அன்னைக்கு அழுத அழுகை, மறுவருஷமும் கொஞ்ச நாள்தான். பச்சைக் கொடி இருந்தா இறங்கலாம், சிவப்புன்னா இறங்கவே கூடாது. தெருவுக்குத் தெரு பார்க்ல அக்கம்பக்கத்துக்காரங்க ராத்திரி தண்ணி பாய்ச்சி ரிங்க் போட்டு வெப்பாங்க, அங்க போங்க. அங்கதான் பக்கத்து வீட்டு ஆளுங்களும் பழக்கமாவாங்க, எங்களுக்கு இங்க முதல் நட்பு கிடைச்சதே அப்படித்தான்.

பிள்ளைங்களை கேன்ஸ்கேட்னு ஸ்கேட்டிங் கத்துக்குடுக்கிற கிளாஸ்ல சேருங்க. முக்கால் மணி நேரம் கிளாஸ், அந்த நேரத்துல அரீனாவைச் சுத்தி ஓடிட்டு வந்துடலாமேன்னு தோணும். முதல் டெர்ம் அப்படிப் பண்ணாதீங்க. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாருங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் அந்தச் சின்ன மூஞ்சி ஹெல்மெட் கம்பிக்குள்ள இருந்து நம்ம உக்காந்திருக்கிற இடத்தை ஒரு தடவை தேடும், பார்த்ததும் முகம் திரும்பிக்கும், அவ்வளவுதான், ஆனா தேடும். ரெண்டாவது டெர்ம்ல என் பையன்கிட்டயே கேட்டேன், "கண்ணு, அம்மா ஓடிட்டு வரட்டுமா?"ன்னு. "போ, ஆனா பின்பக்கமாச் சறுக்கறப்போ வந்துடு"ன்னான். கிளாஸ் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் அதைச் சொல்லிக் குடுப்பாங்க. முப்பது நிமிஷம் ஓடிட்டு மூச்சு வாங்க வந்து நிப்பேன். இப்பவும் அதே ஒப்பந்தம்தான்.

ஸ்கேட் கட்டற விஷயம் யாரும் சொல்லித்தர மாட்டாங்க, நான் சொல்றேன். குளிரும்னு தடி சாக்ஸ் ரெண்டு போட்டு விடாதீங்க, கால் இறுகி ரத்தம் ஓடாம இன்னும் சில்லுன்னு ஆயிடும், மெல்லிசா ஒண்ணு போதும். ஷூ சைஸை விட ஸ்கேட் ஒரு சைஸ் சின்னதாத்தான் வரும். விரல் பக்கம் லேஸ் லூசா, கணுக்கால் பக்கம் நல்லா இழுத்து. மைனஸ் 18ல கையுறையோட லேஸ் இழுக்க முடியாது, கழட்டித்தான் ஆகணும், ரெண்டாவது பிள்ளையோட ரெண்டாவது ஸ்கேட்டுக்கு வரும்போது விரல் மரத்துப் போயி முடிச்சு எங்கன்னே தெரியாது. அதனால வீட்டுலயோ கார்லயோ வெச்சே பாதி கட்டிடுங்க. மப்ளர் வேண்டாம், கழுத்தோட ஒட்டின நெக் வார்மர் போடுங்க. அஞ்சு விரல் கையுறையை விட விரல் எல்லாம் ஒண்ணா இருக்கிற மிட்டன் சூடு. உள்ள காட்டன் பனியன் ஆகவே ஆகாது, வேர்த்தா அப்படியே ஈரமா நின்னு நடுக்கும், மெரினோ கம்பளி வாங்குங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

குளிர்ல வீம்பு வேண்டாம். காத்தோட சேர்த்து மைனஸ் 28 தாண்டினா மூடாத தோல் பத்துல இருந்து முப்பது நிமிஷத்துக்குள்ள உறைய ஆரம்பிக்கும், மைனஸ் 40ல அஞ்சு பத்து நிமிஷமே போதும். சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஸ்கீ போட்டியே தெர்மாமீட்டர்ல மைனஸ் 20க்குக் கீழ போனா நடத்த மாட்டாங்க, நாம எதுக்கு ஓடணும், அன்னைக்கு ட்ரெட்மில். இன்னொண்ணு நம்ம நிறத்துக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். பனி கடிச்சா சிவக்கும்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க, நம்ம தோல்ல சிவப்பு சட்டுனு தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி வெளிறி மெழுகு மாதிரி இருக்கும், தொட்டா பிள்ளைக்கு உணர்ச்சி இருக்காது. கன்னம், மூக்கு நுனி, காது மூணையும் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக் கேளுங்க. அப்படி ஆனா தேய்க்காதீங்க, உங்க வெறும் உள்ளங்கையை வெச்சு மூடி உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க. யாருக்காவது வீசிங் இருந்தா வாயையும் மூக்கையும் துணியால மூடி மூச்சு விடணும், டாக்டர்கிட்டயும் முன்கூட்டியே பேசிடுங்க. வைட்டமின் டி பத்தியும் அப்படியே கேட்டுடுங்க, இங்க வின்டர் வெயில்ல நம்ம தோல் அதைத் தயாரிக்கறது ரொம்பக் கம்மி.

சாப்பாடு. வாழைப்பழம் பையில கருத்துப் போயிடும், கடலை மிட்டாய் கல்லாயிடும் பல்லு போயிடும், ஓடும்போது சாப்பிடற எனர்ஜி ஜெல்லும் இறுகிடும். பேரீச்சம்பழம், பொட்டுக்கடலை உருண்டை ரெண்டையும் ஜாக்கெட் உள் பாக்கெட்ல உடம்பு சூட்டுல வெச்சுக்கங்க. ஃப்ளாஸ்க்ல மிளகு ரசம் எடுத்துட்டுப் போங்க. ரிங்க் ஓரத்துல பனி மேட்டுல உக்காந்து அந்த மூடியில ஊத்திக் குடிக்கிறப்போ என் பிள்ளைங்க சாதம் போட்டாலும் கேக்காத ரசத்தை ரெண்டு மூடி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க.

தம்பிக்கு நேரா ஒரு பதில். பேர் குடுத்தாச்சுல்ல, விடாதீங்க, ஆனா முழு மாரத்தானை ஹாஃபுக்கு மாத்த முடியுமான்னு பாருங்க. முதல் வின்டர்ல உடம்பு குளிருக்குப் பழகவே தனி உழைப்பு போகும், வேலையும் புதுசு, வீடும் புதுசு. முழுசு அடுத்த வருஷம் ஓடலாம், மூணு பேரும் ஓரமா நின்னு கத்துவாங்க.

வர்ற சனிக்கிழமையே பிள்ளைங்களை ரிங்க் கூட்டிட்டுப் போங்க. எல்லாத்தையும் புதுசா வாங்க வேண்டாம், ஒரே வருஷத்துல கால் வளர்ந்துடும், பழைய சாமான் கடையில நல்லதே கிடைக்கும், பிளேடை மட்டும் சாணை பிடிச்சுக்கங்க. ஹெல்மெட் மட்டும் சி.எஸ்.ஏ.ங்கிற பாதுகாப்புத் தர முத்திரை பார்த்துப் புதுசா வாங்கிடுங்க. எங்க சின்னவனோட பழைய ஸ்கேட், பிள்ளைங்க சைஸ் 11, சும்மாதான் கிடக்கு. உங்க சின்னதுக்கு ஆகும்னா சொல்லுங்க, ஞாயிறு பத்து மணிக்கு மேல வீட்டுலதான் இருப்பேன்.