கம்பைல் தோற்றாலும் மேக் நிற்காமல் ஓடுகிறது, ஏன்?

கேள்வி: உபுண்டு லினக்ஸ், குனு மேக் (கோப்புகளைக் கம்பைல் செய்து நிரலாகக் கட்டும் கருவி). கம்பைலர் சொல்வது திரையிலும் தெரியணும், பில்ட்.லாக் கோப்பிலும் சேரணும் என்று ரெசிபி (மேக் ஓட்டும் கட்டளை) வரியின் கடைசியில் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குறி) போட்டு ‘டீ’ சேர்த்தேன். அதற்குப் பிறகு சி கோப்பில் பிழை இருந்தாலும் மேக் நிற்காமல் லிங்க் படிக்கு (கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் அடுத்த படி) போய்விடுகிறது.

பதில் 1: பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவு எண்தான் கணக்கு. ஜிசிசி (சி கம்பைலர்) 1, அதாவது தோல்வி, தந்தாலும் டீ 0, அதாவது வெற்றி, தருகிறது. மேக் பார்ப்பது அந்த 0-ஐத்தான். மேக்ஃபைலில் ‘ஷெல்’ மாறியை (கட்டளைகளை ஓட்டும் ஷெல் எது என்று சொல்வது) பாஷ் என்று வையுங்கள். உபுண்டுவின் இயல்பான ஷெல்லான டாஷை நம்பாதீர்கள், அதன் பழைய பதிப்புகளுக்குப் பைப்ஃபெயில் (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதும் தோல்வி என்று சொல்லவைக்கும் தேர்வு) தெரியாது. பிறகு ‘.ஷெல்ஃபிளாக்ஸ்’ மாறியில் ‘-ஈ -ஓ பைப்ஃபெயில் -சி’. கடைசி ‘-சி’ விட்டுப்போனால் பாஷ் உங்கள் கட்டளை வரி முழுவதையும் ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று கத்தும்.

பதில் 2: மேக்ஓஎஸ்ஸிலும் ஓடணும் என்றால் கவனம். அதோடு வருவது குனு மேக் 3.81, ‘.ஷெல்ஃபிளாக்ஸ்’ வந்ததோ 3.82-இல். பழையது எச்சரிக்கைகூடத் தராமல் அதை ஒதுக்கிவிடும். அங்கே ‘செட் -ஓ பைப்ஃபெயில்;’ என்று பைப் உள்ள ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுதணும். வரிக்கு வரி புது ஷெல் என்பதால், மேல் வரியில் போட்டது கீழ் வரிக்கு வராது.

பதில் 3: கூடவே ‘.டெலீட்_ஆன்_எரர்’ இலக்கையும் (கட்டளை தோற்றால் அரைகுறைக் கோப்பை மேக் அழிக்கச் சொல்வது) சேருங்கள். இல்லையென்றால் பாதியில் நின்ற கோப்பு புதிய தேதியோடு கிடக்கும், அடுத்த முறை மேக் அதைத் தயார் என்றே எடுத்துக்கொள்ளும்.