ஆச்சியோடு அந்தமான்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

கார்த்திக்: எல்லோருக்கும் வணக்கம். அந்தமான் திட்டம் தயார். முதல் நாள் சென்னையிலிருந்து விமானம், மாலையில் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகை. மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவு, நான்காம் நாள் நீல் தீவு, ஐந்தாம் நாள் ராஸ் தீவு. ஆறாம் நாள் காலையில் ஊர். முருகேசன் மாமா, நீங்கள் போர்ட் பிளேயரிலேயே இருப்பவர், பார்த்துச் சொல்லுங்கள், இன்றிரவு டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

நித்யா: அண்ணா, ஸ்கூபா டைவிங் எங்கே? அதற்காகத்தான் நான் வருவதே!

கார்த்திக்: ஐந்தாம் நாள் ஹேவ்லாக்கில் சேர்க்கலாமா?

நித்யா: ஐந்தாம் நாள் நாம் ராஸ் தீவில் இருப்போம் என்று நீதானே போட்டிருக்கிறாய்.

செல்வி: தம்பி, அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கால் வலி இருக்கிறது, இத்தனை படகு ஏறி இறங்க முடியுமா என்று கேட்கிறார்கள். அப்புறம், சுனாமி வந்த இடமாச்சே என்றும் ஒரு பயம்.

முருகேசன்: அக்கா, கடையில் ஆள் இருந்தார்கள், இப்போதுதான் பார்த்தேன். கார்த்திக், டிக்கெட்டை இன்றிரவு போடாதே. தினம் ஒரு தீவு என்று ஓடினால் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும்தான் மிஞ்சும். ஆச்சிக்கு அது ஆகாது.

முருகேசன்: இங்கே ஜனவரியில் மாலை 5.15 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம் ஊருக்கு வெகு கிழக்கே இருக்கிறோம், ஆனால் கடிகாரம் மட்டும் ஒன்றுதான். மூன்று மணிக்குத் தீவில் இறங்கி அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் இருட்டிவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மேற்கே பார்த்தது, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க 4.30-க்கே மணலில் இருக்க வேண்டும். காலையில் சூரியோதயம் வேண்டுமென்றால் அதே தீவின் கிழக்கில் காலாபத்தர். இரண்டும் வேண்டுமென்றால் ஹேவ்லாக்கில் இரண்டு இரவு தங்கித்தான் ஆக வேண்டும்.

சண்முகம்: மாப்பிள்ளை, தேதி எனக்கு முக்கியம். தை அமாவாசைக்கு நான் தாமிரபரணிக் கரையில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். அன்று ஊரில் இருப்பேன்.

முருகேசன்: ரொம்ப நல்லது அத்தான். அப்படியானால் தைப்பூசத்தை ஒட்டி வாருங்கள். நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன். பூசம் என்றால் பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓரிரு நாள் கடல் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கம் பவளப்பாறையால் ஆன இயற்கைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றினால்தான் அதுவரை நடக்க முடியும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன், கடல் வெள்ளரி எல்லாம் கிடக்கும், குட்டிப் பையன் சூர்யா நகரவே மாட்டான். ஏற்றத்தின்போது போனால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கார்த்திக்: அப்போது கண்ணாடி அடிப் படகு?

முருகேசன்: அது நேர் எதிர். நீல் தீவின் பரத்பூரில் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் படகு ஓடும். ஒரே நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், அடுத்த நாள் எல்லாம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால்தான் நீலில் ஓர் இரவாவது தங்கு என்கிறேன். தேதி முடிவானதும் துறைமுக அட்டவணை பார்த்து மணி சொல்கிறேன்.

செல்வி: கடல் வற்றுகிறது என்றதும் அம்மாவுக்குத் திரும்ப சுனாமி ஞாபகம் வந்துவிட்டது.

முருகேசன்: அம்மாவிடம் போனைக் கொடுக்காமல் இதை வாசித்துக் காட்டுங்கள் அக்கா. தினசரி வற்றம் மணிக்கணக்கில் மெதுவாக இறங்கும், எந்த நேரத்தில் என்று முன்கூட்டியே தெரியும். சுனாமிக்கு முன்னால் கடல் சில நிமிடங்களில் சட்டென்று உள்வாங்கக்கூடும். நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, நேரம் தப்பிக் கடல் உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். 2004-ல் எச்சரிக்கவே யாரும் இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நாங்களும் இங்கேதானே பிள்ளைகளோடு வாழ்கிறோம்.

செல்வி: வாசித்தேன். "சரி, அவன் இருக்கிறானே" என்கிறார்கள்.

முருகேசன்: அடுத்து பாராடாங். கார்த்திக், அதை எடுத்துவிடு.

கார்த்திக்: ஏன் மாமா? குகையும் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போவதும் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே. அனுமதியும் இருக்கிறது.

முருகேசன்: அனுமதி இருக்கிறது, குகையும் அழகுதான். ஆனால் அந்தச் சாலை ஜாரவா என்னும் பழங்குடி மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காவலோடு அனுப்புவார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. விதி எல்லாம் இருக்கிறது. ஆனால் வண்டியில் பாதிப் பேர் கண்ணால் தேடுவது குகையை இல்லை, அந்த மக்களைத்தான்.

முருகேசன்: அவர்கள் சில நூறு பேர்தான். 1997 கடைசியில்தான் வெளியாட்களோடு சண்டையில்லாமல் பழகத் தொடங்கினார்கள். 1999-லேயே தட்டம்மை பரவிவிட்டது. நமக்குச் சாதாரணமான நோய், அவர்கள் உடம்புக்குப் புதிது. 2012-ல் சாப்பாட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ வெளிவந்து நாடே கொதித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகளையே நிறுத்தி வைத்தது. சூர்யாவை அந்தச் சாலையில் கூட்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

வள்ளி: நான் ரங்கத் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பேருந்தில் போயிருக்கிறேன். சாலையோரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். பேருந்தே அந்தப் பக்கம் சாய்ந்தது போல எல்லோரும் சன்னலுக்குப் பாய்ந்தார்கள். அவள் குழந்தையை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். நம் வீட்டு வாசலில் யாராவது அப்படி வந்து எட்டிப் பார்த்தால் விடுவோமா?

நித்யா: வேண்டாம் அண்ணா. எடுத்துவிடு.

கார்த்திக்: எடுத்துவிட்டேன் அத்தை. அந்த நாளை ஹேவ்லாக்குக்குக் கொடுக்கிறேன்.

நித்யா: இப்போது என் டைவிங்! எனக்கு நீச்சல் சுமாராகத்தான் வரும் மாமா.

முருகேசன்: நீச்சல் தெரியாவிட்டாலும் பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு இறக்குவார். ஆனால் சளி பிடித்திருந்தால் இறங்காதே, காதில் அழுத்தம் சமமாகாமல் வலி உயிர் போகும். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. முக்கியமானது இன்னொன்று: டைவ் முடிந்து 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். உயரே அழுத்தம் குறைந்தால் அது குமிழியாகி உடம்பைக் கெடுக்கும். கடைசி நாள் டைவ் வைக்காதே.

கார்த்திக்: சூர்யாவும் கேட்கிறான். அவனுக்கு ஒன்பது வயது.

முருகேசன்: பத்து ஆக வேண்டும். அவனுக்கு ஹேவ்லாக்கின் எலிபெண்ட் கடற்கரையில் முகமூடி மாட்டி மிதந்து பார்ப்பதே போதும், மீன் கூட்டம் முகத்துக்கு நேரே வரும். ஒன்று சொல்லிக் கூட்டி வா: பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப் பாதி செத்த இடங்கள் இங்கே உண்டு. மீண்டு வருவதற்கு வருடக்கணக்கில் ஆகிறது. கரையில் கிடக்கும் செத்த துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

செல்வி: குளிக்கிற இடத்தில் முதலை உண்டு என்று யாரோ சொன்னார்களே, உண்மையா?

முருகேசன்: உண்மைதான் அக்கா. உவர்நீர் முதலை. 2010-ல் ராதாநகருக்குப் பக்கத்து ஒதுக்குக் கடலில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை அது கொன்றுவிட்டது. அதனால் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், பகலில், கொடி கட்டிய எல்லைக்குள் மட்டும் குளிக்க வேண்டும். ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திப் பக்கம் இறங்கவே கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்துப் போராடாமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். அத்தானும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆற்று நீச்சல் வேறு.

சண்முகம்: கேட்டுக்கொண்டேன் மாப்பிள்ளை. சிறையில் படி நிறைய இருக்குமா? அத்தை அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

முருகேசன்: கீழ்த்தளத்தில் இருந்தே நிறையப் பார்க்கலாம். 1906-ல் கட்டி முடித்தபோது நடுக்கோபுரத்தைச் சுற்றி ஏழு சிறகுகள், இப்போது நிற்பது மூன்று. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. கைதிகள் செக்கு இழுத்த இடத்தில் அம்மா கொஞ்ச நேரம் உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு, உட்கார்ந்தே பார்க்கலாம். ராஸ் தீவில் பேட்டரி வண்டி இருக்கிறது.

கார்த்திக்: சரி மாமா, இப்படி மாற்றினேன். பூசத்துக்கு முந்தின நாள் வருகிறோம். பூசத்தன்று காலை அங்கே வெற்றிமலை முருகன் கோவில், மாலை சிறை. மறுநாள் நீல், ஓர் இரவு. அங்கிருந்து ஹேவ்லாக், இரண்டு இரவு, நடுவே நித்யாவின் டைவ். அப்புறம் படகில் போர்ட் பிளேயர், ஓர் இரவு, காலையில் விமானம். ஒரு நாள் விடுப்பு கூடுதலாகக் கேட்கிறேன்.

முருகேசன்: இதுதான் சரி. கடல் கெட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி இரவு போர்ட் பிளேயரில்தான் இருக்க வேண்டும். டிக்கெட்டில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் ஷஹீத் த்வீப் என்றும் புதுப் பெயரில் வரலாம், குழம்ப வேண்டாம். எல்லோரும் அசல் ஆதார், நீலுக்குக் கையில் ரொக்கம். படகு கிளம்ப அரை மணி நேரம் முன்பே ஆச்சிக்கு வாந்தி மாத்திரை, கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை.

வள்ளி: போர்ட் பிளேயரில் விடுதி பார்க்காதே கார்த்திக், நம் வீடு இருக்கிறது. அத்தைக்குக் கீழ் அறையை ஒழித்துவைக்கிறேன்.

செல்வி: வள்ளி, ஊரிலிருந்து உனக்கு என்ன கொண்டுவர என்று அம்மா கேட்கிறார்கள்.

வள்ளி: உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ மதினி. அப்புறம் அத்தை கையால் இடித்த இட்லிப் பொடி.