புதுப்பிப்பு: தோட்டத்து ரோட்டில் கிலோமீற்றர் கணக்கு வேண்டாம்

ஓட்டப் பயிற்சி பற்றிய முதல் பதிவில் கிழமைக்கு 4 நாள், நாளுக்கு 5 கிலோமீற்றர் ஓடுங்கள் என்று எழுதியிருந்தோம். அதை மாற்றுகிறோம். நுவரெலியாவில் கிரகரி வாவியின் சமதளக் கரையில் ஓடுகிறவர்களுக்கு அது சரி. தேயிலை மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒத்துவராது.

இனி நிமிடக் கணக்கு: கிழமைக்கு 3 நாள், 30 நிமிடம். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேச மூச்சு இல்லையென்றால் நடந்தே ஏறுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் ஓடிய வேகம் அங்கே வராது.

முழங்காலுக்குச் சுமை கூடுவது இறக்கத்தில்தான். காலை முன்னால் எட்டிப்போட்டுக் குதிகாலை ஊன்றினால் பிரேக் பிடித்த மாதிரி. அந்த அதிர்ச்சி கூடுதலாக முழங்காலுக்கும் முன்தொடைக்கும் போகும். காலடித் தூரத்தைக் குறுக்குங்கள், பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழட்டும். ஈரமான கொங்கிறீட்டில் பாசி இருக்கும், அங்கே ஓடவே வேண்டாம்.

நனைந்த சப்பாத்தை அடுப்படியில் வைத்தால் அடிப்பசை விட்டுவிடும். உள்தட்டைக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து இஸ்தோப்பில் (வீட்டு விறாந்தையில்) வையுங்கள்; தாள் ஊறியதும் மாற்றுங்கள்.

பயிற்றுவிப்பாளருக்கு ஓடாத நாளையும் காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த கிழமை அட்டவணையை அவர் அதை வைத்துத்தான் திருத்த முடியும்.