புதுப்பிப்பு: கொன்ட்ரோல்+எஸ் பிரச்சினை பிடிபட்டது

போன கிழமை எழுதியிருந்தேன்: நான் செய்யிற சின்ன எடிட்டரில் (எழுத்துகளைத் தட்டச்சு செய்து திருத்துற மென்பொருள்) கொன்ட்ரோல்+எஸ் என்ர லப்டொப்பில் சேமிக்குது, உவர்மலையில் இருக்கிற மச்சான்ர கொம்பியூட்டரில் அசையுதே இல்லை. கீபோட் பழுது என்று அவனிலதான் பழி போட்டேன். பிழை என்னில.

லினக்ஸில் திரையையும் கீபோட்டையும் கவனிக்கிற எக்ஸ்11 என்ற அமைப்பு ஒவ்வொரு விசையோடும் ஒரு எண்ணை அனுப்பும். ஷிஃப்ட் 1, கப்ஸ் லொக் 2, கொன்ட்ரோல் 4, வழக்கமாக ஓல்ட் 8, நம் லொக் (Num Lock) 16. எது எது செயலில் இருக்கோ அதெல்லாம் கூடி ஒரே எண்ணாக வரும். நான் "4க்குச் சமமா?" என்று பார்த்திருந்தேன். மச்சான் நம் லொக்கை அணைக்கிறதே இல்லை. அங்க வந்தது 20. என்ர லப்டொப்பில் நம்பர் பேட் கிடையாது, பிறகு எனக்கு எங்க விளங்கப்போகுது!

இப்ப 2, 16 இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் ஒப்பிடுறேன். "4 இருக்கா?" என்று மட்டும் கேட்டாலும் சரிவராது, கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்ஸும் அதே கட்டளையை ஓட்டிவிடும்.

இதைத் திருத்தப்போய் இன்னொன்றும் அகப்பட்டது. தமிழை இரண்டாவது லேஅவுட்டாக (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) வைத்து அதுக்கு மாறினால் அந்த எண்ணோடு 8192உம் சேருது. எஸ் இருந்த இடத்தில் தமிழ் எழுத்து வேற வந்து நிற்குது. அதனால் 8192ஐயும் கழற்றிவிட்டு, கொன்ட்ரோல் அழுத்தியிருந்தால், அதே விசை முதல் லேஅவுட்டில் என்ன எழுத்து என்று பார்க்க வைத்திருக்கிறேன். தமிழில் தட்டச்சு செய்யிற எங்களுக்கு நம் லொக்கை விட இதுதான் பெரிய தலையிடி.

விண்டோஸ் பதிப்பு இன்னும் மிச்சம். அங்க சில கீபோட்களில் வலப்பக்கம் இருக்கிற ஓல்ட்-ஜிஆர் (AltGr) விசை கொன்ட்ரோலும் ஓல்டும் சேர்ந்த மாதிரி வரும். அது அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்குத்தான்.